நாயனம் வாசிச்சவருக்குப் பேர் இல்லையா?

ஓம் சரவணபவ.

ஷா ஆலம் வட்டாரத்தில் ஆலயத் தொண்டு செய்கிற நாங்கள் ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கு. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாப் படிங்க.

திருவிழா முடிஞ்ச மறுநாள் முகநூலைத் திறந்தா, சாமி புறப்பாடு பத்துப் பேர் பக்கத்துல ஓடுது. உபயக்காரர் பேர் இருக்கு. அலங்காரம் செஞ்ச குருக்கள் பேர் இருக்கு. ரெண்டு மணி நேரம் நின்னு நாயனம் வாசிச்சவர் பேர்? தவில்காரர் பேர்? எங்கேயும் இல்லை. "யார் வாசிச்சது? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வேணும்"னு கீழே ஒருத்தர் கேட்டா, பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் கல்யாண வாய்ப்பு அதோட போச்சு.

அதைவிடக் கொடுமை, சிலர் அந்த வாசிப்பையே அழிச்சிட்டு சினிமாப் பாட்டை ஒட்டுறாங்க. சாமி புறப்படும்போது வாசிக்கிறது மல்லாரி, கம்பீர நாட்டை ராகம். அதைக் கேட்டாலே தெருக்கோடியில இருக்கிறவங்களுக்கும் சாமி கிளம்பியாச்சுன்னு தெரியும். காணொலியில அவர் கன்னம் உப்புது, தவில் கோல் ஆடுது, காதுல விழறது வேற பாட்டு. இது அவருக்கு மட்டுமா அவமரியாதை? சாமிக்கும்தான்.

சரி, கலைஞரே தன் வாசிப்பைப் பதிவு போட்டா? "சாமி முன்னால வாசிக்கிறது தொண்டு, விளம்பரம் எதுக்கு?"ன்னு ஏச்சு. நாங்கள் கேட்கிறோம்: திருவிழா பேனர்ல நிர்வாகத்தினர் படம் போடறாங்களே, அது எந்தக் கணக்கு?

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஆதீன வித்வான். அவர் தன் தோடியை இசைத்தட்டில் கொடுத்தார். 1956-இல் அவர் மறைந்த பிறகும் அந்தத் தோடி இன்னிக்கு வரைக்கும் கேட்குது. காருகுறிச்சி அருணாசலம், 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துல எஸ். ஜானகி குரலோட சேர்ந்து வாசிச்சார். கச்சேரிப் பக்கமே போகாதவங்களுக்கும் அவர் நாயனம் போய்ச் சேர்ந்தது. இதனால நாயனத்தின் புனிதம் குறைஞ்சதா? அன்னிக்கு இசைத்தட்டும் சினிமாவும். இன்னிக்குக் கைப்பேசி. அவ்வளவுதான்.

பத்துமலைத் தைப்பூசத்துக்கு வர்ற உறுமி மேளப் பிள்ளைகளைப் பாருங்க. சட்டையிலேயே குழுப் பேர் இருக்கும். டிக்டாக்ல பார்த்ததும் யாருன்னு தெரிஞ்சிடும். வேட்டி, துண்டோட நிக்கிற நாயனக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் பேரை நாம எழுதினாத்தான் உண்டு.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஆலயக் கதவு மூடிச்சு, கல்யாணங்கள் நின்னுச்சு. மேளம் நின்னா வருமானமும் நிக்கிறவங்க இவங்க. 2021 தைப்பூசத்தை நாம வீட்டிலிருந்து திரையில பார்த்துக் கும்பிட்டோம். நம்ம பக்திக்கு ஆன கைப்பேசி, அவங்க பிழைப்புக்கு மட்டும் ஆகாதா?

கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தீபாராதனை நேரத்துல கண் குருக்கள் கையில இருக்கணும், கேமராவுல இல்லை. கெட்டிமேளம் தீபத்துக்கு, லைக்குக்கு இல்லை. மூலஸ்தானத்தைப் படம் எடுக்க வேண்டாம். புறப்பாடு, வசந்த மண்டபம், ராஜகோபுர வாசல்னு மத்த இடங்கள்ல வாசிச்சதைத் தாராளமாப் போடுங்க. வாசிச்ச ராகத்தையும் சேர்த்து எழுதுங்க, எங்க பிள்ளைகளும் கத்துக்கட்டும்.

நிர்வாகங்களுக்கும் அன்பர்களுக்கும் நாங்கள் கேட்பது மூணே மூணு:

1. அழைப்பிதழிலும் ஆலயப் பக்கத்திலும் நாயனம், தவில் கலைஞர்கள் பேர் வரணும்.
2. அவங்க வாசிப்பு மேல வேற பாட்டை ஒட்டாதீங்க.
3. அவங்க தங்கள் வாசிப்பைப் பகிர்ந்தா தடுக்காதீங்க, நீங்களும் பகிருங்க.

இதுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. மனசுதான் வேணும். உங்க ஆலயத்துல யார் வாசிக்கிறாங்க? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, பேரைக் கீழே எழுதுங்க. இந்தப் பதிவிலிருந்தே ஆரம்பிப்போம்.

திருச்சிற்றம்பலம்.