ரிலீவர் வருகிற வரைக்கும்

மழைக்காலத்தில் நெய்வேலிக்கு இரண்டு தண்ணீர். ஒன்று வானத்திலிருந்து வருவது. மற்றொன்று பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் எந்நேரமும் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிற ஊற்றுநீர். அந்த அழுத்தத்தைக் குறைக்கக் கோடையிலும் இராப்பகலாகப் பம்புகள் ஓடுகின்றன. இல்லாவிட்டால் சுரங்கத்தின் தளமே பிளந்துகொண்டு எழும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் குழிக்குள் தேங்கும் மழைநீரையும் சேர்த்து இறைக்க வேண்டும். ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் இரவில்தான் இங்கே வேலை கூடுகிறது. அந்த வேலைக்கு ஆள் போய்ச் சேர வேண்டுமே.

டவுன்ஷிப் வட்டங்களில் குடியிருப்பவர்களுக்குச் சுரங்கம் பக்கம்தான். ஒப்பந்தத் தொழிலாளர்களில் பலர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸிலும் மொபெட்டிலும் வருகிறவர்கள்.

ஒரு கார்த்திகை இரவு, பண்ருட்டியிலிருந்து நான் வந்த பஸ் காடாம்புலியூர் தாண்டி நின்றுவிட்டது. சாலையின் குறுக்கே தண்ணீர். விளக்கு வெளிச்சத்தில் தார் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பின்சீட்டில் சிலர் டிரைவரை ஏசத் தொடங்கினார்கள். முன்சீட்டுப் பாட்டி ஒருவர், "வில்லுடையான்பட்டு முருகா, கொண்டுபோய்ச் சேத்துடுப்பா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த இளைஞர், மடியில் டிபன் கேரியர், காலடியில் ரெயின்கோட். இரவு ஷிப்ட். போனை எடுத்தார்.

"அண்ணே, காடாம்புலியூர்லதான் நிக்குது. தண்ணி ஓடுது. எப்படியும் வந்துடுவேன்."

மறுமுனையில் பம்புக்குக் காவலிருப்பவரின் குரல் எனக்கே கேட்டது: "அவசரப்படாத தம்பி. நீ வர்ற வரைக்கும் நான் எங்க போவப் போறேன்?"

ஷிப்ட் வேலை தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்காமல், பணியில் இருப்பவர் இடத்தைவிட்டு நகர முடியாது. ரிலீவர் வரவில்லை என்றால் பசியோடும் ஈரத் துணியோடும் அவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். ஆகவே மழையில் கிளம்பி வருகிறவர் மனத்தில் அதிகாரியைவிட அந்த ஓர் ஆள்தான் நிற்கிறார். பொறுமை என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது அந்த இரவில் இரண்டு பேரிடம் இருந்தது. இவர் வருவார் என்று அவரும், அவர் இருப்பார் என்று இவரும் நம்பினார்கள். மழை நிற்கும் என்று இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

கண்டக்டர் பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு இறங்கினார். கையில் ஒரு கம்பு. சாலையின் விளிம்பைத் தட்டித் தட்டிப் பார்த்து முன்னால் நடந்தார். டார்ச்சை ஆட்டிய திசையில் பஸ் ஊர்ந்தது. ஏசியவர்கள் வாயடைத்துப்போனார்கள். நெய்வேலி ஆர்ச் கேட் வந்ததும் அந்த இளைஞர் குதித்து இறங்கி ஓடினார்.

இந்தப் பகுதி மக்கள் மழையை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2015 நவம்பரில், 9-ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் நெய்வேலியில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. இத்தனையையும் பார்த்தவர்கள்தான் மறுபடியும் டிபன் கேரியரோடு பஸ் ஏறுகிறார்கள்.

பக்கத்தில் வடலூர் இருப்பதை நான் தற்செயல் என்று நினைப்பதில்லை. 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று பெருமையோடு சொல்கிறோம். அடுப்பு தானாக எரியாது. எத்தனை தலைமுறை, எத்தனை அடைமழை, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு விறகு மாறியிருக்கும்! அங்கே அன்னதானம், இங்கே மின்சாரம். பம்பு ஓடி, சுரங்கம் காய்ந்து, கரி மேலே வந்தால்தான் நம் வீட்டில் விளக்கு.

ஆனால் இந்தத் தொழிலாளர்களின் பொறுமையை நாம் இனாமாக வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. தண்ணீரும் அப்படித்தான் போகும். வடக்கு தெற்காகப் போகிற பண்ருட்டி–வடலூர் சாலை அதற்குக் குறுக்கே கிடக்கிறது. விக்கிரவாண்டி–தஞ்சை நான்கு வழிப் பணிக்காகச் சாலையை உயர்த்துகிற இடத்தில் தண்ணீர் போக வழி விடாவிட்டால், ஒரு பக்கம் வயல் மூழ்கும், இன்னொரு பக்கம் பஸ் நிற்கும். சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீரும் பரவனாற்றில் இறங்கிப் பெருமாள் ஏரிப் பக்கம் போகிறது. குறிஞ்சிப்பாடி வட்டாரத்தின் தாழ்வான ஊர்கள் அதற்கும் சேர்த்துத்தான் பயப்படுகின்றன. ஆடி முடிவதற்குள் குழாய்ப் பாலங்களின் அடைப்பை எடுத்து, கால்வாய்களைத் தூர்வாரிவிட வேண்டும். மழை எச்சரிக்கை வந்த நாளில் கிராமத்துத் தொழிலாளர்களுக்கு ஷிப்ட் நேரத்தை ஒட்டித் தனி பஸ் விட வேண்டும். வெள்ளத்தால் பிந்தி வருகிற ஒப்பந்தத் தொழிலாளியின் அன்றைய கூலியில் கை வைக்கக் கூடாது.