சதுர அடி என்ன விலைன்னு மட்டும் கேட்காதீங்க

அம்மாவோட பல வருஷப் புலம்பலுக்கு ஒருவழியா விடிவு காலம் வந்து, திருச்சி வீட்டு சமையல்கட்டை இடிச்சுக் கட்டினோம். பழைய மேடை கடப்பா கல். எலுமிச்சம்பழம் பிழிஞ்ச இடம், புளித்தண்ணி சிந்தின இடம்னு அங்கங்க வெளுத்துப் போயிருக்கும். அது சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டா அரிக்கும்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும். (நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவன்... சரி விடுங்க.)

ஆபீஸ்ல ஆணி குறைவா இருந்த ஒரு வாரத்துல எக்ஸல் ஷீட் ஒண்ணு போட்டேன். கல்லோட கனம், சதுர அடி விலை, ஓரம் உருட்டுற கூலி, சிங்குக்கு ஓட்டை போடுற கூலி, வண்டி வாடகைன்னு ஒன்பது காலம். கடைக்காரர், "குவார்ட்ஸ் போடுங்க சார், கறையே படியாது"ன்னார். இது மலையில வெட்டி எடுத்த கல் இல்ல. குவார்ட்ஸ் பொடியை ரெசின் சேர்த்து இறுக்கின பலகை. கூகிளாண்டவர்கிட்ட கேட்டா வேற கதை சொல்றார். அதுல சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல. வெட்டுறவங்க நுரையீரல் பாழாகுதுன்னு 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவுல அந்தக் கல்லையே தடை பண்ணிட்டாங்க. உடனே குவார்ட்ஸ் வேணாம், கிரானைட் போதும்னு சொல்லிட்டு, பெரிய புண்ணியவான் மாதிரி காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். அம்மாவுக்கு வேற காரணம். "சூடா குக்கரை இறக்கி வைக்க முடியாதாமே, அப்புறம் என்னடா மேடை?"

சாம்பல் நிறக் கிரானைட் வந்து இறங்கிச்சு. கல் போட ஒரு அண்ணன், கூட ஒரு பையன். பையனுக்கு இருபது வயசு இருந்தா அதிகம். ரெண்டு பேரும் சமையல்கட்டுக்குள்ளயே மெஷினைப் போட்டாங்க. ஹால்ல டிவி, சோபா மேல தூசி படியக்கூடாதுன்னு கதவைச் சாத்தினது யாருங்கிறீங்க? சாட்சாத் நானேதான்.

அரை மணி நேரம் கழிச்சு டீ கொடுக்கக் கதவைத் திறந்தேன். உள்ள ஒண்ணும் தெரியல. பையனோட கண் இமை, புருவம் எல்லாம் வெள்ளை. மூக்கைச் சுத்தி ஒரு கர்ச்சீப். அதோட கீழ குனிஞ்சு துடைப்பத்தால பெருக்கிட்டு இருந்தான். அடங்கின தூசியும் மறுபடி மேல கிளம்புது. காலர் இறங்கிடுச்சு. கிரானைட்லயும் சிலிக்கா உண்டு, அளவுதான் கம்மி. நுரையீரல் வரைக்கும் போற துகள் தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்குகூட இருக்காது, கர்ச்சீப் அதை என்ன பண்ணும்? உள்ள போனது தழும்பாகி, வருஷக்கணக்குல மூச்சைக் குறைச்சுக்கிட்டே வரும். சிலிகோசிஸ்னு பேரு. அந்தத் தழும்பை ஆத்துறதுக்கு மருந்து கிடையாது.

"அண்ணே, தண்ணி ஊத்தி வெட்டலாமே?"

"ஊத்தலாம் தம்பி. கையில இருக்கிறது கரன்ட் மெஷின். நீங்க வந்து புடிக்கிறீங்களா?"

நியாயமான கேள்வி. அதோட, பென்சில் கோடு அழிஞ்சிடும், புது சுவர்ல ஈரம் ஏறுதுன்னு வீட்டுக்காரங்களே சத்தம் போடுவாங்களாம். "மாஸ்க் போடாதது அவங்க தப்பு"ன்னு நம்மாளுங்க ஈஸியா சொல்லிடுறோம். சதுர அடிக் கணக்குல கூலி வாங்குறவர், ஜன்னல் சாத்தின அறையில, நம்ம ஊர் வெயில்ல, நாள் முழுக்க அதை மாட்டிக்கிட்டு வேலை பார்க்கணும். நாம ஏசி போட்டுக்கிட்டு கீபோர்ட் தட்டுறோம்.

என் கட்சி இதுதான்: எப்படி வெட்டணும்கிறதை விலை பேசும்போதே பேசணும், அதைக் கேட்க வேண்டியது காசு கொடுக்கிற நாம. இன்னொரு பக்க மேடைக்கு நான் பண்ணினது ரொம்ப சிம்பிள். சுவர் மூலை நேரா இல்லாததால, அட்டையை அந்த வடிவத்துக்கே வெட்டி, அடுப்பு பதிக்கிற அளவையும் வரைஞ்சு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க தண்ணி பாய்ச்சி வெட்டுற பெரிய மெஷின் ஏற்கனவே இருக்கு! "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்"ங்கிறார் கடைக்காரர். மிச்சம் ஓரம் தட்டுற வேலை மட்டும் கொல்லைப்புறத்துல, தண்ணி பாயுற குழாய் வச்ச மெஷினை வாடகைக்கு எடுத்து, ஈ.எல்.சி.பி. இருக்கிற லைன்ல. பெருக்கவே கூடாது, ஈரத்துணியால துடைச்சு எடுக்கணும்னு சொல்லிட்டேன். என்-95 மாஸ்க்கும் வாங்கிக் கொடுத்தேன், ஆனா அது கடைசிக் காவல்தான். தூசியே கிளம்பாம பார்த்துக்கிறதுதான் முதல்ல.

கூடுதல் செலவு 1,700 ரூபாயும் ஒரு நாளும். சிங்குக்கு நான் வாங்கின குழாய் விலையில பாதிகூட இல்ல. "நீ ஒருத்தன் கேட்டா ஊரு மாறிடுமா?"ன்னு சித்தப்பா நக்கல் அடிச்சார். ஊரைப் பத்தித் தெரியாது. அந்த ரெண்டாவது நாள் பையனோட புருவம் கறுப்பாவே இருந்துச்சு.

உங்க வீட்டுல கல் போட்டப்ப எப்படி வெட்டினாங்க மக்களே? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: மேடை அரை அங்குலம் உசரமாயிடுச்சுன்னு அம்மா சொல்றாங்க. பேச்சுவார்த்தை நடந்துகிட்டு இருக்கு :-)