எந்தப் பக்கம்?



போன மாதம் ஒரு மத்தியானம். தொலைபேசியில் ஓர் அம்மா. "ஐயா, மூணு மாசமா எனக்குப் புத்தகம் வரல. சந்தா கட்டியாச்சு." குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. சந்தாப் படிவத்தைத் தேடி எடுத்தேன். வீட்டு எண், தாமான் (குடியிருப்பு) பெயர், அதற்குக் கீழே குண்டு குண்டான எழுத்தில் "சுங்கை டுவா, பினாங்கு". அஞ்சல் குறியீட்டுக்கான கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். அதை நிரப்பியது எங்கள் அலுவலகத் தம்பி. தம்பி தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த சுங்கை டுவா ஒன்றுதான்: மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை (யு.எஸ்.எம்.) ஒட்டி, மாணவர்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடம். 11-இல் தொடங்கும் எண்ணைத் தயங்காமல் எழுதிவிட்டார்.

"அம்மா, யு.எஸ்.எம். பக்கம்தானே?"

"இல்லீங்கய்யா. நான் டோல் பக்கத்துல இருக்கேன். பட்டர்வொர்த் சைடு."

மலாயில் சுங்கை என்றால் ஆறு, டுவா என்றால் இரண்டு. எங்கள் மாநிலத்தில் சுங்கை டுவாவும் இரண்டு; ஒன்று தீவில், மற்றது கடலுக்கு அந்தப் பக்கம். பாகான் ஜெர்மாலும் அப்படியே, இங்கே ஒன்று, அங்கே ஒன்று. பெயர் வைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. மீன் பிடிக்க ஜெர்மால் கட்டிய இடமெல்லாம் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடலாம். தவறு எங்களுடையது. படிவத்தில் "பினாங்கு" என்று கண்டதும் எங்கள் அலுவலகம் முழுவதும் மனதுக்குள் தீவைத்தான் வரைந்துகொண்டது. தம்பியை மட்டும் சொல்லி என்ன? இதே பக்கத்தில் எத்தனை முறை "நமது தீவு மாநிலம்" என்று நானே எழுதியிருக்கிறேன்! பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன்.

கணக்கைப் பார்த்தால் நம் தீவுப் பெருமை கொஞ்சம் இறங்கிவிடும். பினாங்கு மாநிலத்தில் தீவு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். கடலுக்கு அந்தப் பக்கமுள்ள செபராங் பிறையோ ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் ஏறத்தாழ 17 லட்சத்து 40 ஆயிரம் பேர். அவர்களில் பாதிக்கு மேல் செபராங் பிறைக்காரர்கள். ஆக, "நான் பினாங்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் தீவுக்காரராக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கேட்கிறவர் காதில் விழுவது கடற்கரை, கொடிமலை, பழைய கடைவீடுகள். பட்டர்வொர்த்தோ நிபோங் திபாலோ யார் நினைவுக்கும் வருவதில்லை.

வரலாறும் இதற்கு உடந்தை. கிழக்கிந்தியக் கும்பினிக்காகப் பிரான்சிஸ் லைட் கொடியேற்றியது 1786-இல், தீவில். எதிர்க்கரை நிலத்தைக் கும்பினியார் கெடா சுல்தானிடமிருந்து பெற்றது 1800-இல். கல்கத்தாவிலிருந்த தலைமை ஆளுநரின் பெயரால் அதைப் புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்றார்கள். அப்போதிருந்தே அது தீவுக்கு வால்போல ஒட்டிக்கொண்டது. இன்று அதன் பெயர் செபராங் பிறை. செபராங் என்ற மலாய்ச் சொல்லுக்கே அக்கரை என்றுதான் பொருள். பத்து லட்சம் பேரை நெருங்கும் ஒரு நிலப்பகுதி, அக்கரை என்ற பெயரோடே 2019-இல் மாநகர்த் தகுதியும் பெற்றுவிட்டது. அங்கே பிறந்த பிள்ளைக்கு அது எப்படி அக்கரை ஆகும் என்று நான் யோசித்ததே கிடையாது, இந்தத் தொலைபேசி வரும் வரை.

1985-இல் தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் வந்தது, 2014-இல் இரண்டாவது பாலமும் வந்தது. பாலத்துச் சுங்கச்சாவடியைக் கவனித்திருக்கிறீர்களா? டோல் கட்டுவது தீவுக்கு வரும்போது மட்டும்தான். தீவிலிருந்து போகிறவர் சும்மா போகலாம். ஃபெரியிலும் வெகுகாலம் அதே கதைதான், கட்டணம் பட்டர்வொர்த் துறையில் மட்டும் வாங்கினார்கள். இரு பக்கமும் வசூலித்தால் வரிசை நீளும் என்பதற்காகச் செய்த ஏற்பாடாக இருக்கலாம், எனக்கும் புரிகிறது. இருந்தாலும் புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து தினமும் பாயான் லெப்பாஸ் ஆலைக்கு வேலைக்கு வருகிறவர் ஒருவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை: "பினாங்குக்காரன் பினாங்குக்குள்ள நுழைய டிக்கெட் எடுக்கணும் சார்."

இன்னொன்று. 2017-இல் இந்த மாநிலத்தில் புதிய கற்காலத்துப் பெண் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. "பினாங்குப் பெண்" என்று பெயர் வைத்தார்கள். கிடைத்த இடம் குவார் கெப்பா, பெனாகாவுக்கு அருகே, செபராங் பிறையின் வடகோடி. நமக்குத் தெரிந்த மிகப் பழைய பினாங்குவாசி தீவுக்காரர் இல்லை.

நம் தமிழர் கதையையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பினாங்குத் தமிழர் என்றதும் எழுதுகிறவர்கள் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், செட்டியார் கிட்டங்கிகள், தண்ணீர்மலைக் கோயில் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான். வணிகர்களும் படகுக்காரர்களும் தீவுக்கு வந்தார்கள், உண்மை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பெருங்கூட்டம் போய்ச் சேர்ந்தது வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு. பின்னால் அவை ரப்பருக்கு மாறின. பத்து காவான், கலிடோனியா, பைராம் என்று அந்தத் தோட்டங்களின் பெயர்கள் இன்றும் அந்தப் பக்கத்து முதியவர்களின் வாயில் புழங்குகின்றன. நாகப்பட்டினம் பக்கத்தில் அவர்கள் விட்டுவந்த வீட்டில் "பையன் பினாங்குக்குப் போயிருக்கான்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். பையனோ சேற்றில் கரும்பு நட்டுக்கொண்டிருந்தான். பினாங்குப் பட்டணத்தைக் கப்பல் இறங்கிய அன்று பார்த்ததோடு சரி.

ஊருக்கு ஊர் இந்தக் குழப்பம் உண்டு. சென்னையில் ஒரு புத்தகக் கடைக்காரர் முகவரி கேட்டார். "ஜார்ஜ் டவுன்" என்றேன். "அப்படியா! மண்ணடிப் பக்கமா? நடந்தே கொண்டுவந்து குடுத்துடுவேனே" என்றார். அவர் ஊர் ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜ் பெயரைக் கொண்டது, நம்முடையது மூன்றாம் ஜார்ஜ் பெயரை. மலேசியா என்று விளக்கியதும், "சிங்கப்பூர்ல எங்க தம்பி இருக்கான், பார்த்தீங்கன்னா சொல்லுங்க" என்றார். சிங்கப்பூருக்கும் எங்களுக்கும் இடையே ஓர் இரவுப் பேருந்துப் பயணம் இருக்கிறது. சொல்லிப் பயனில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தஞ்சாவூரில் ஒரு தமிழாசிரியரிடம் மட்டும் வேறு வழியைக் கையாண்டேன்: "ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டானே, அதுக்குப் பக்கத்து வீடு." கப்பென்று பிடித்துக்கொண்டார்.

தலைகீழாகவும் நடக்கும். கூலிம் கெடாவைச் சேர்ந்தது, பாரிட் புந்தார் பேராவைச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் கோலாலம்பூரில் "பினாங்கு சைடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பொய் இல்லை, கேட்கிறவரின் சிரமத்தைக் குறைக்கிறார்கள். தூரம் கூடக்கூட நம் எல்லோருக்கும் ஊர் பெருத்துக்கொண்டே போகிறது. பக்கத்துத் தெருவில் தாமான் பெயர், கோலாலம்பூரில் பினாங்கு, சென்னையில் மலேசியா.

தீவுக்குள்ளேயும் பெயர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. பாலிக் புலாவ் என்றால் தீவின் பின்புறம். யாருக்குப் பின்புறம்? ஜார்ஜ் டவுன்காரருக்கு. அங்கே டுரியான் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்கே கடலைப் பார்க்கிறார். அவர் வீட்டுக்கு அதுதான் முன்புறம். புலாவ் திக்குஸ் (எலித் தீவு) என்ற இடத்தில் குடியிருப்பவர்கள் தீவில் இல்லை, அதாவது அந்தத் தீவில் இல்லை. வடகரைக்கு அப்பால் கிடக்கும் பாறைத் திட்டின் பெயரைக் கரையிலிருந்த பேட்டை வாங்கிக்கொண்டது. தண்ணீர்மலைக்குப் போகும் சாலையின் மலாய்ப் பெயர் ஜாலான் கெபுன் பூங்கா. தைப்பூசத்தன்று பலகையை நம்பித் தேடுகிற வெளியூர்க்காரர் யாரையாவது நிறுத்தித் "தண்ணீர்மலைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுகிற சொல் "ஊர்". எங்கள் பாட்டி யாரைப் பார்த்தாலும் "எந்த ஊரு?" என்பார். ஆயர் ஈத்தாம் என்றோ ஜாவி என்றோ பதில் வரும். "அது இருக்கட்டும், ஊர்ல எங்க?" என்று மறுபடி கேட்பார். அவருக்கு ஊர் என்பது கடலுக்கு அந்தப் பக்கம். அந்த ஊரோ மலாயாவை அக்கரைச் சீமை என்று அழைத்தது. பாட்டியின் கேள்விக்கு இன்றைய பிள்ளைகள் விழிக்கிறார்கள். எனக்கும் எங்கள் ஊர்ப் பெயர் தெரியும், அது எந்தத் தாலுகா என்று கேட்டால் தெரியாது.

சந்தாப் படிவத்தை மாற்றியிருக்கிறோம். இந்த இதழின் நடுவில் பார்க்கலாம். "பினாங்கு" என்று மட்டும் எழுதினால் போதாது. தீவா, செபராங் பிறையா என்று இரண்டு கட்டங்கள், ஒன்றில் ஒரு குறி போடுங்கள். அஞ்சல் குறியீட்டை நீங்களே எழுதுங்கள், தம்பியிடம் விடாதீர்கள். 10, 11 என்று தொடங்கினால் தீவு. 12, 13, 14 என்றால் பெருநிலம். "நமது தீவு மாநிலம்" என்ற சொற்றொடரையும் நான் விட்டுவிட்டேன். மறுபடி எழுதினால் கடிதம் போடுங்கள்.

அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய மூன்று இதழ்களைத் தம்பியே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். மோட்டாரை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தேத்தண்ணி போட்டுக் குடுத்தாங்கண்ணே. நல்லா பேசினாங்க. ஆனா கதவத் தொறந்ததும் மொதல்ல ஒண்ணு கேட்டாங்க."

"என்ன?"

"'தம்பி பினாங்கிலேருந்தா வர்றீங்க?'ன்னாங்க."

அன்புடன்,
ஆசிரியர்