ப்ரோமோவில் விழுந்த அறை சீரியலில் எங்கே?

சேலம் சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் பெண்கள், குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே நாளைக் கழிக்கும் பெண்கள்... இவர்கள் ராத்திரி அரை மணி நேரம் டிவி முன்னாடி உட்கார்ந்தால் போதும், "சீரியல் பைத்தியம்" என்று நக்கலடிக்க ஒரு கூட்டம் கிளம்பிவிடும். ராத்திரி முழுக்க கிரிக்கெட் பார்க்கிற கூட்டம் அது!

ஏமாறுகிறவரைத் திட்டுவது சுலபம். ஏமாற்றுகிறவரை யார் கேட்பது?

ப்ரோமோவின் சூத்திரம் ரொம்ப எளிது. மாமியார் கை ஓங்குவார். மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுவார்கள். இடி முழக்கம். மருமகள் திரும்பிப் பார்ப்பாள். "அடுத்து என்ன?" அவ்வளவுதான், கட்! சாயங்காலம் வரைக்கும் அந்த ஓங்கிய கை மனசுக்குள்ளேயே நிற்கும். பாதியில் நிற்கிற கதையை முடித்துப் பார்க்கத் துடிப்பது மனித இயல்பு. படிப்பறிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எபிசோடில் என்ன நடக்கிறது? அந்த அறை கனவாக இருக்கும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கடைசி நிமிடத்தில் கை ஓங்கி, திங்கட்கிழமைதான் இறங்கும்.

"விளம்பரம்னா கொஞ்சம் மிகைப்படுத்தத்தான் செய்வாங்க" என்பார்கள். சரி, விளம்பரம் என்றே வைத்துக்கொள்வோம். கேபிள் டிவி விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் விளம்பரம்; அதில் 10 நிமிடம் வியாபாரத்துக்கு, 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ப்ரோமோ மேல் வழக்கு நிற்குமா என்பது வக்கீல்கள் பாடு. ஆனால் பாக்கெட்டில் முந்திரி படம் போட்டு உள்ளே முந்திரியே இல்லாத பிஸ்கட்டை யாரும் கலை என்று சொல்வதில்லையே!

ஆவலைத் தூண்டுவதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. இதே சேலத்தில் 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போடுவார்கள். அதுவும் தூண்டில்தான். ஆனால் மீதி நிஜமாகவே திரையில் இருந்தது. இன்றைய ப்ரோமோ மீதியை மறைப்பதில்லை, இல்லாத மீதியை விற்கிறது.

'சித்தி' (1999), 'மெட்டி ஒலி' (2002), 'கோலங்கள்' (2003) எல்லாம் வீட்டில் ஒருவராக ஆனது பாத்திரங்களால்தான். 'கோலங்கள்' 1,500 எபிசோடுகளைத் தாண்டியதற்கு வெறும் ஓங்கிய கை போதுமா?

சீரியல் காசில்லாமல் கிடைக்கிறது என்பதும் கட்டுக்கதை. மாசா மாசம் கேபிள் கட்டணம் போகிறது. அதற்கு மேல், பார்க்கிற கண்களை எண்ணித்தான் சேனல் விளம்பரதாரரிடம் காசு வாங்குகிறது. அதாவது சரக்கே அந்த அரை மணி நேரம்தான். நாள் முழுக்க கூலிக்கு உழைத்தவரிடம் மிச்சம் இருக்கிற ஒரே சொந்த நேரம் அது.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. "இன்று இரவு" என்று காட்டினால் அது இன்று இரவே வரட்டும். கனவுக் காட்சியை நிஜம் மாதிரி ப்ரோமோவில் போடாமல் இருக்கட்டும். நாமக்கல் முட்டைக் கடையில்கூட அழுகின முட்டையைத் திருப்பிக் கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார்கள். போன அரை மணி நேரத்தை எந்தச் சேனல் திருப்பிக் கொடுக்கும்?