அறுபதாம் கல்யாண போட்டோவில் இல்லாத பிள்ளை

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலுக்கு எந்த நாள் போனாலும் மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள்தான். அறுபதுக்கு அறுபது, எண்பதுக்கு எண்பது. ஓமப்புகைக்கு நடுவே பிள்ளை, மருமகள், பேரன், பேத்தி எல்லாரும் சுற்றி நின்று போட்டோ. சில குடும்ப போட்டோக்களில் மட்டும் ஓர் ஆள் குறையும். கேட்டால் "பெரியவனுக்கு லீவு கிடைக்கலை" என்பார்கள். பெரியவன் வீட்டில்தான் இருப்பான், உள் அறையில். அவனுக்கு மனச்சிதைவு. டாக்டர் பாஷையில் ஸ்கிசோஃப்ரினியா.

இந்த 'லீவு கிடைக்கலை' இருக்கிறதே, வியாதியை விட இதுதான் மோசம்.

சந்திரமுகி, அந்நியன் (இரண்டும் 2005) பார்த்துவிட்டு ஒரே ஆள் வேறு ஆளாக மாறுவதுதான் இது என்று நினைப்பவர்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அது வேறு. இதில் யாரும் பேசாதபோது குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் சதி செய்கிறார் என்று அசைக்க முடியாத நம்பிக்கை வரும். போகப்போகக் குளிக்காமல், பேசாமல் ஒடுங்கிப்போவார்கள். பெரும்பாலும் தொடங்குவது பதினெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவே. அதாவது இதைப் படிக்கிற பாதிப் பேரின் வயசு!

சொந்தக்காரர்கள் வைத்திருக்கும் மருந்து ஒன்றுதான். "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்." மறைத்துக் கட்டிவைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டும். மறைத்தால் நிற்கும், நின்றால் வியாதி திரும்பும். கடைசியில் "அவ வந்த நேரம்" என்று பழி அந்தப் பெண் தலையில். பாலன்ஸ் ஷீட்டில் கடனை மறைத்தால் மோசடி, பெண் பார்க்கப் போன இடத்தில் வியாதியை மறைத்தால் சாமர்த்தியமா?

மறைப்பது எங்கே கொண்டு போய்விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் கொண்டுபோய் விட்டவர்கள் ராட்சசர்களா என்ன? அப்பா, அம்மா, அண்ணன்தான். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதில் தப்பில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதுதான் தப்பு. சங்கிலி போடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. "சோம்பேறி, தண்டச்சோறு" என்று குத்துவதைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஆனால் ஓயாமல் குறை சொல்லும் வீடுகளில் வியாதி அதிகம் திரும்புகிறது என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் பல வருஷம் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, அறுபது தாண்டிய அப்பா அம்மாவுக்குப் பிறகு அவனுக்கு யார்? அப்பா அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க முடியாத மனநோயுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து இதை விட்டவர்கள் அவனுடைய சோற்றையே விட்டுவிட்டார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் 14416க்கு போன் போடலாம். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.