மண்மேட்டில் நீரை நிறுத்தாதீர், நடத்துங்கள்

'மழைநீரை விழுந்த இடத்திலேயே நிறுத்துங்கள்' என்று என் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள் ஊர் ஊராகச் சொல்லி வருகிறோம். மானாவாரி வயலுக்கு அது சரியான யோசனையே. ஆனால் சுரங்கம் தோண்டிய பின் மண்ணிட்டு நிரப்பிய நிலத்தில் அதை அப்படியே பின்பற்றினால் நன்மையை விடக் கேடே மிகும்.

கடலூர் மாவட்டம் நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கென 1956-ல் அங்கு பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது. நிலக்கரிப் படுகையை அடைய, பல இடங்களில் 50 மீட்டருக்கும் மேலாக மண்ணையும் மணற்கல்லையும் அகற்ற வேண்டியுள்ளது. அகற்றிய மண் முதலில் வெளியே குன்றாகக் குவிகிறது. பிறகு, நிலக்கரி எடுத்து முடிந்த குழி அவ்வாறு அகற்றும் மண்ணைக் கொண்டே நிரப்பப்படுகிறது. கவனமின்றிக் கொட்டினால் முந்திரியும் பலாவும் மல்லாட்டையும் விளைந்த மேல்மண் அடியில் போய்விடும். சத்தற்ற அடிமண் மேலே வந்துவிடும்.

இந்த மண்ணுக்கு இரு குறைகள் உண்டு. கனரக வாகனங்கள் ஓடி மேற்பரப்பு இறுகியிருப்பதால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. உட்பகுதியோ சரிவரப் படியாமல் பொலபொலவென்று இருக்கும். பல ஆண்டுகள் வரை ஓரிடம் தாழ்ந்தும் ஓரிடம் உயர்ந்தும் அமுங்கிக்கொண்டே போகும். பள்ளங்களில் தேங்கும் நீர் உள்ளே ஊறினால் சரிவு கனத்துச் சரிந்து விழும். வரப்பிட்டு நீரை மறிப்பது இங்கே ஆபத்தாவது இதனால்தான்.

கணக்கையும் பார்ப்போம். 10 செ.மீ. மழை பெய்தால் ஒரு எக்டேரில் விழும் நீர் 10 லட்சம் லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் கடலோர மாவட்டங்களில் ஒரே நாளில் இவ்வளவு பெய்வது புதிதல்ல. 2015 நவம்பர் வெள்ளத்தைக் கடலூர் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகும். ஒரு எக்டேரில் ஒரே ஒரு மி.மீ. கனத்துக்கு மண் அரித்தாலும் போவது சுமார் 14 டன். அது எங்கே போகும்? கீழேயுள்ள வாய்க்காலுக்கும் ஏரிக்கும்தான். நெய்வேலிச் சுரங்க நீர் சென்று சேரும் வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் நம்பிப் பாசனம் செய்யும் விவசாயிக்கும் ஆகவே இது சொந்தப் பிரச்சினை.

செய்ய வேண்டியவை என்ன? மேல்மண்ணைத் தனியே வழித்தெடுத்து, தாழ்வான குவியலாக வைத்து, அதன் மேல் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துக் காக்க வேண்டும். நீண்ட சரிவுகளைப் படிகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் உட்புறம் சற்றே சாய்ந்திருக்கட்டும். அதன் ஓரத்தில் 100 மீட்டருக்கு 20 முதல் 40 செ.மீ. வாட்டம் கொண்ட வாய்க்கால் அமைத்து, நீரை மெதுவாக நடத்திச் செல்ல வேண்டும். கீழே இறங்குமிடத்தில் கல் பாவிய வாய்க்கால் தேவை. மேட்டின் அடியில் வடிகாலும், வண்டல் படியக் குட்டையும் இருக்க வேண்டும். குட்டையை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் தூர் வாராவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

சமதளமாக நிரப்பிய பகுதியில் இறுகிய மேற்பரப்பை உளிக்கலப்பையால் ஆழ உழுது, தொழுவுரத்தைத் தாராளமாக இட வேண்டும். எக்டேருக்கு 12.5 டன் என்பது சாதாரண வயலுக்குரிய அளவு. இங்கே அது போதாது. சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேரையும், இடையே கொழுக்கட்டைப் புல்லையும் நட்டு மண்ணைப் பிடித்த பிறகே மரக்கன்று நட வேண்டும். மண் வேலையைச் சித்திரை, வைகாசியில் முடித்து, ஆடி மழையில் புல்லை வேரூன்றச் செய்தால்தான் ஐப்பசி மழையைத் தாங்கும்.

இன்று மரக்கன்றுகளை எண்ணித்தான் சீரமைப்பை மதிப்பிடுகிறோம். இது எனக்கு உடன்பாடில்லை. கன்று நட்ட மூன்றாம் ஆண்டில் நடுவே ஓடை அறுத்துக்கொண்டு போனால் அந்த எண்ணிக்கையால் யாருக்கு என்ன பலன்? அமெரிக்காவில் 1977-ல் இயற்றிய சட்டம் மேல்மண்ணைத் தனியே காக்கச் சொல்கிறது. கடைசியாக விதைத்து உரமிட்ட ஆண்டிலிருந்து 5 ஆண்டுகள், ஆண்டு மழை 66 செ.மீ.க்கு மேற்படாத பகுதியில் 10 ஆண்டுகள், சுரங்கம் நடத்துவோரே அந்நிலத்துக்குப் பொறுப்பு என்றும் அது விதிக்கிறது. நம் நாட்டிலும் நிலக்கரி அமைச்சகம் சுரங்கங்களை மூடுவதற்கான நெறிமுறைகளை 2009-ல் வெளியிட்டது. அவற்றை நடைமுறைப்படுத்தும்போது, ஐந்து வடகிழக்குப் பருவமழைகளை அரிப்பின்றித் தாங்கிய நிலத்தையே 'சீரமைத்த நிலம்' என ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை அந்நிலம் எந்த விவசாயியின் தலையிலும் கட்டப்படக் கூடாது.

நிலக்கரி ஒரு தலைமுறையில் எரிந்து தீர்ந்துவிடும். மேல்மண் உருவாகவோ நூற்றாண்டுகள் வேண்டும். அதை ஒரு கார்த்திகை மழைக்குப் பறிகொடுத்துவிட்டால் மீண்டும் பெற வழியில்லை.