பாதிப் பாலமும் பழைய கணக்கும்

காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, ஆற்றின் நடுவரை நடந்து, 'அதற்கு மேல் பாலம் இல்லை' என்று திரும்பி வர வேண்டும். இதற்கு கியூ வேறு நிற்கிறது! தென் பிரான்ஸில், ரோன் நதிக்கரையில் இருக்கும் அவிஞோனில்தான் இந்த வேடிக்கை. (எழுத்தில் நடுவே ஒரு 'ஜி' வரும். வாயில் வராது.)

1185-ல் கட்டி முடித்தபோது முழுப் பாலம்தான். சுமார் 900 மீட்டர் நீளம், 22 வளைவுகள். வெள்ளம் வரும், இரண்டு வளைவு போகும். கட்டுவார்கள். மறுபடி வெள்ளம். பதினேழாம் நூற்றாண்டில் 'போதுமடா சாமி' என்று கைகழுவி விட்டார்கள். மிச்சம் நான்கே வளைவு.

ஆனால் முதலில் அங்கே ஓடாதீர்கள். பாரிஸிலிருந்து டி.ஜி.வி. ரயில் இரண்டே முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்து, ஊருக்கு வெளியே இறக்கிவிடும். அங்கிருந்து குட்டி ரயிலில் ஐந்தாறு நிமிஷம். கோட்டை மதில் தெரியும். உள்ளே நுழைந்து நேர் ரோட்டில் நடந்தால் போப்பாண்டவர் அரண்மனை.

ரோமில் இருக்க வேண்டிய போப்புக்கு இங்கே என்ன வேலை? ரோமில் அரசியல் சரியில்லை, பிரெஞ்சு ராஜாவின் கை ஓங்கியிருந்தது. 1309-ல் வந்தவர்கள் 1377 வரை நகரவில்லை. மொத்தம் ஏழு போப்புகள், ஏழு பேரும் பிரெஞ்சுக்காரர்கள். அரண்மனையைப் பெரும்பாலும் கட்டியது இரண்டு பேர். பன்னிரண்டாம் பெனடிக்ட் மடத்துச் சாமியார், சிக்கனம். அவர் கட்டிய பகுதி ஜெயில் மாதிரி. அடுத்து வந்த ஆறாம் கிளெமென்ட் கட்டியது கல்யாண மண்டபம் மாதிரி. அப்பா சேர்த்தார், பிள்ளை செலவழித்தான் கதைதான்.

உள்ளே போனால் முதலில் ஏமாற்றம். கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1906 வரை பட்டாளம் குடியிருந்த இடம். சுவரோவியங்களில் தலையை மட்டும் பெயர்த்தெடுத்து விற்றுக் காசு பார்த்த சிப்பாய்களும் உண்டு. நாற்காலி போனாலும் கணக்குப் புத்தகம் போகவில்லை, ஸார். வாடிகனில் பத்திரமாக இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இதுதான் நிஜமான புதையல். 1342-ல் கிளெமென்ட் பட்டமேற்ற விருந்துக்கு 118 மாடு, 1,023 ஆடு, 50,000 பழ டார்ட்! மாட்டையும் ஆட்டையும் ஒன்று விடாமல் எண்ணிய குமாஸ்தா, டார்ட் வந்ததும் ரவுண்டாக எழுதிவிட்டார். எந்த ஆடிட்டரும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி போடுவார்.

கிளெமென்ட்டின் படிப்பறையைப் பாருங்கள். சுவர் முழுக்க வேட்டை நாய், மான், மீன்குளம். போப்பின் அறை என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

ஆசாமி ஊதாரி என்று ஃபைலை மூடிவிடாதீர்கள். 1348-ல் பிளேக் வந்தது. ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வைத்தியர்கள் சொன்னபடி இரண்டு பெரிய நெருப்புக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் கிளெமென்ட். புதைக்க இடம் போதாமல் போனபோது, பிணங்களை விடுவதற்காக ரோன் நதியையே மந்திரித்துப் புனிதமாக்கினார். இத்தனைக்கும் நடுவில், நேப்பிள்ஸ் ராணியிடமிருந்து 80,000 ஃபுளோரின் கொடுத்து இந்த ஊரையே கிரயம் செய்தார்.

இன்னொரு காரியமும் செய்தார். 'கிணற்றில் யூதர்கள் விஷம் கலந்துவிட்டார்கள்' என்று புரளி கிளம்பி, ஊர் ஊராக அவர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். 'அவர்களும்தானே சாகிறார்கள்? யூதர்களே இல்லாத ஊரிலும் நோய் இருக்கிறதே?' என்ற நியாயத்தை எழுதி ஆணை போட்டார். ஸ்ட்ராஸ்பூர்க் கேட்கவில்லை, 1349 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கானவர்களை எரித்தது. அவர் பார்வையில் இருந்த அவிஞோன் யூதர்கள் பிழைத்தார்கள்.

அரண்மனையிலிருந்து பொடிநடையாகப் போனால் பிளாஸ் ஜெருசலேம். பழைய யூதர் தெரு இருந்த இடம். பழைய யூதக் கோயில் 1845-ல் எரிந்துபோய், பிறகு வட்ட வடிவில் கட்டியது நிற்கிறது. அரண்மனைக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பக்கம் திரும்புவதாகத் தெரியவில்லை.

இப்போது பாலத்துக்குப் போகலாம். நாலாவது வளைவு முடிகிற இடத்தில் நின்றால், அவர் மந்திரித்த ஆறு கீழே ஓடும். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பாலத்துப் பாட்டைப் பாடிக்கொண்டு வருவார்கள். ஓரமாக நில்லுங்கள், பாலம் குறுகல்.